பழைய பதிப்பின் அரக்கர்களைப் புதிய விதிகளுக்கு மாற்றுவது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டுக்காக 1980களில் அச்சான சாகசம் ஒன்று கையில் இருக்கிறது, அதை 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளில் நடத்த வேண்டும், அதிலுள்ள அரக்கர்களின் எண்களை மாற்ற நம்பகமான சூத்திரம் ஏதேனும் உண்டா என்பது கேள்வி. சூத்திரம் உண்டு, அது கணக்காகவும் சரியானதே. ஆனால் அந்தச் சூத்திரத்தை மட்டும் நம்பி மேசையில் உட்கார்ந்தால், பெயர் மட்டும் பழையதாகவும் நடத்தை வேறாகவும் இருக்கும் ஓர் உயிரினம்தான் கிடைக்கும். பழைய எண்கள் எந்த உலகத்தில் அர்த்தம் பெற்றிருந்தன என்பதை முதலில் பார்த்துவிட்டால், எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது தெளிவாகும்.

இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதி 1977-ல் வெளிவந்த மான்ஸ்டர் மானுவல் என்னும் அரக்கர் கையேடு தொடங்கி, 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு முடியும்வரை, ஆர்மர் கிளாஸ் எனப்படும் கவச எண் மேலிருந்து கீழே இறங்கியது. கவசமே இல்லாதவருக்கு 10, மிகச் சிறந்த பாதுகாப்புக்கு மைனஸ் 10. அரக்கர்களின் ஹிட் பாயிண்ட், அதாவது எவ்வளவு சேதம் தாங்கும் என்ற எண், பெரும்பாலும் உருவம் எதுவானாலும் 8 முகப் பகடையால் கணக்கிடப்பட்டது. இரண்டாம் பதிப்பில் தாக்கும் திறனைத் தாக்கோ என்றார்கள்; கவச எண் 0 உள்ள எதிரியைத் தொட 20 முகப் பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்பதே அந்த எண். 2000-ல் மூன்றாம் பதிப்பு கவச எண்ணைத் தலைகீழாக்கியது. எனவே 20-லிருந்து பழைய கவச எண்ணைக் கழித்தால் புதிய கவச எண், 20-லிருந்து தாக்கோவைக் கழித்தால் தாக்குதல் கூட்டெண். எல்லோரும் சொல்லும் சூத்திரம் இவ்வளவுதான்.

இதை ஓகர் என்னும் முரட்டுப் பூதத்தின் மீது போட்டுப் பார்ப்போம். இரண்டாம் பதிப்பின் ஓகருக்குக் கவச எண் 5, ஹிட் டைஸ் 4+1 (நான்கு 8 முகப் பகடைகளும் 1-ம் சேர்ந்த ஹிட் பாயிண்ட்), தாக்கோ 17, அடித்தால் சேதம் 1 முதல் 10 வரை. சூத்திரப்படி மாற்றினால் கவச எண் 15, தாக்குதல் +3, சராசரி ஹிட் பாயிண்ட் 19, சராசரி சேதம் ஐந்தரை. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஓகரோ கவச எண் 11, தாக்குதல் +6, ஹிட் பாயிண்ட் 59, சராசரி சேதம் 13 என்று நிற்கிறது. நான்கு எண்களில் ஒன்றுகூடப் பக்கத்தில் வரவில்லை. இதைப் பார்த்ததும், புதிய பதிப்பை வடிவமைத்தவர்கள் ஓகரை வேறொரு பிராணியாக மாற்றிவிட்டார்கள் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் பென்சிலை எடுத்து, அதன் ஹிட் பாயிண்டை எண்ணுவதற்குப் பதிலாக, அதை வீழ்த்த எத்தனை வாள்வீச்சுகள் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

இரண்டாம் பதிப்பில் மூன்றாம் நிலைப் போர்வீரன் ஒருவனுக்குத் தாக்கோ 18. வலிமையால் கூடுதல் எதுவும் இல்லை என்று கொள்வோம். அக்காலத்தில் பெரும்பாலான பாத்திரங்கள் அப்படித்தான் இருந்தன. ஓகரைத் தொட அவனுக்கு 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 40 சதவீத வாய்ப்பு. பெரிய உருவங்கள்மீது நீள்வாளின் சேதம் 12 முகப் பகடை, சராசரி ஆறரை. 19 ஹிட் பாயிண்டைக் கரைக்க ஏறத்தாழ மூன்று வெட்டுகள் விழ வேண்டும். அவை விழ ஏழுக்குச் சற்று மேற்பட்ட வீச்சுகள் ஆகும். ஐந்தாம் பதிப்பில் வலிமை 16 உள்ள மூன்றாம் நிலைப் போர்வீரனுக்குத் தாக்குதல் +5, ஒற்றை ஆயுதப் பயிற்சியும் சேர்ந்தால் சராசரி சேதம் ஒன்பதரை. கவச எண் 11 என்பதால் அவனுடைய வீச்சுகளில் 75 சதவீதம் பலிக்கும். 59-ஐக் கரைக்க ஆறுக்கு மேற்பட்ட வெட்டுகள், அதாவது ஏறத்தாழ எட்டு வீச்சுகள். ஏழுக்கும் எட்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. பழைய ஓகர் அடிபடாமல் தப்பி நின்றது, புதிய ஓகர் அடிவாங்கிக்கொண்டு நிற்கிறது. களத்தில் நிற்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வொரு முறையும் பகடை உருட்டி ஒன்றும் நடக்காமல் போவது விளையாடுபவர்களைச் சலிப்படையச் செய்கிறது என்பதால், கவச எண்ணிலிருந்த தாங்குதிறனை ஹிட் பாயிண்டுக்கு நகர்த்தியிருக்கிறார்கள் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். பழைய ஓகர், சங்கிலிக் கவசமும் கேடயமும் அணிந்து கவச எண் 4-ல் நிற்கும் போர்வீரனை 40 சதவீதம் தொடும். சுற்றுக்குச் சராசரியாக 2.2 சேதம். மூன்றாம் நிலையில் அவனுக்குச் சராசரியாக 16 அல்லது 17 ஹிட் பாயிண்ட் இருக்கும், எனவே ஏழெட்டுச் சுற்றுகள் தாங்குவான். புதிய ஓகர் கவச எண் 18 உள்ளவனை 45 சதவீதம் தொட்டு, சுற்றுக்கு ஆறு புள்ளிகள் அளவு கரைக்கும். 28 ஹிட் பாயிண்ட் உள்ள புதிய போர்வீரன் ஐந்து சுற்றுகளில் விழுவான். இங்கே புதிய ஓகர் உண்மையிலேயே சற்றுக் கொடியது. ஆனால் புதிய போர்வீரன் சண்டைக்கு நடுவிலேயே மூச்சுவாங்கித் தன் காயத்தை ஓரளவு ஆற்றிக்கொள்ள முடியும், சுழியத்தில் விழுந்தவுடன் சாகவும் மாட்டான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் தராசு சமமாகிவிடுகிறது.

ஆகவே நான் பின்பற்றும் முறை இதுதான். பழைய புத்தகத்திலிருந்து, இந்த அரக்கன் தனக்குரிய நிலையிலுள்ள குழுவின் முன் எத்தனை சுற்றுகள் நின்றான், எத்தனை சுற்றுகளில் ஒருவரை வீழ்த்தினான் என்ற இரண்டு விடைகளை மட்டும் எடுத்துக்கொள்வேன். பிறகு ஐந்தாம் பதிப்பில் உடலமைப்பாலும் சேலஞ்ச் ரேட்டிங் எனப்படும் கடின மதிப்பாலும் நெருங்கிய சொந்தமான ஓர் அரக்கனைத் தேடி, அதன் எண்களை அப்படியே உடலாக வைத்து, பழைய அரக்கனின் தனித்திறனை அதன்மேல் ஏற்றுவேன். ஆட்டத்தை நடத்துபவருக்கான 2014-ன் டன்ஜன் மாஸ்டர் கைட் புத்தகத்தில் சேலஞ்ச் ரேட்டிங் வாரியாக ஓர் அட்டவணை இருக்கிறதே, அதிலிருந்து தொடங்கக் கூடாதா என்று கேட்கலாம். அந்த அட்டவணை, மதிப்பு 2 உள்ள அரக்கனுக்குக் கவச எண் 13, ஹிட் பாயிண்ட் 86 முதல் 100, தாக்குதல் +3 என்று சொல்கிறது. அதே மதிப்பு 2 உள்ள ஓகருக்கு 11, 59, +6. அட்டவணையை நேரடியாகப் பின்பற்றிய அரக்கர்கள் மெதுவாகச் சாகும் மண்மூட்டைகளாகிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். முடித்த பிறகு சரிபார்க்க அது உதவும், தொடங்குவதற்கு உதவாது.

எண்களைவிட மிகக் கடினமான பகுதி தனித்திறன்கள்தாம். கேரியன் கிராலர் என்னும் பிணந்தின்னிப் புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்புகளில் அதற்கு ஹிட் டைஸ் 3+1 மட்டுமே; தலையின் கவச எண் 3, உடலுக்கு 7. ஆனால் அது ஒரே சுற்றில் எட்டு உணர்கொம்புகளால் தாக்கும், ஒவ்வொன்றும் பட்டால், சேவிங் த்ரோ எனப்படும் தப்பிக்கும் பகடை உருட்டலில் வெல்லாதவர் மரத்துப்போவார். தாக்கோ 17 உள்ள அது கவச எண் 4-ஐத் தொடும் வாய்ப்பு 40 சதவீதம். மூன்றாம் நிலைப் போர்வீரன் அந்தச் சேவிங் த்ரோவில் தோற்கும் வாய்ப்பு 60 சதவீதம். இரண்டையும் பெருக்கி எட்டு முறைக்குக் கணக்கிட்டால், ஒரே சுற்றில் அவன் மரத்துப்போகும் வாய்ப்பு ஏறத்தாழ 89 சதவீதம். ஐந்தாம் பதிப்பில் எட்டுக் கொம்புகளும் ஒரே தாக்குதலாகச் சுருங்கிவிட்டன. +8 தாக்குதல், கவச எண் 18 உள்ளவனை 55 சதவீதம் தொடும். சேவிங் த்ரோவின் டி.சி., அதாவது எட்ட வேண்டிய எண், 13; +4 உள்ள போர்வீரன் தோற்கும் வாய்ப்பு 40 சதவீதம். ஆக 22 சதவீதம், அதுவும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மீண்டும் முயன்று விடுபடலாம்.

89-லிருந்து 22-க்கு இறங்கியதை வெறும் மென்மைப்படுத்தல் என்று தள்ளிவிட முடியாது. பழைய புழுவை நேருக்கு நேர் எதிர்த்து யாரும் நிற்கக் கூடாது என்பதே அதன் பொருள். எண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள், தூரத்திலிருந்து அம்பெய்வார்கள், இறைச்சித் துண்டை எறிந்துவிட்டு வேறு வழியே போவார்கள். அதன் ஹிட் டைஸ் குறைவாக இருந்ததற்குக் காரணமும் அதுவே: கெட்டிக்காரத்தனமாக அணுகுபவர்களுக்கு அது எளிதில் சாக வேண்டும். புதிய புழுவோ ஒரு நியாயமான சண்டை. உங்கள் சாகசத்தில் அந்தப் புழு ஒரு குறுகிய சுரங்கத்தை அடைத்துக்கொண்டு, சுற்றிப் போக வேறு வழி இருக்கிறது என்று எழுதப்பட்டிருந்தால், எழுதியவர் பழைய அச்சத்தை நம்பித்தான் அந்த இடத்தை அமைத்திருக்கிறார். அங்கே நான் செய்வது, கொம்புத் தாக்குதலைப் பத்தடி வட்டத்துக்குள் இருக்கும் அனைவர்மீதும் ஒரே நேரத்தில் விழச் செய்து, ஹிட் பாயிண்டை 51-லிருந்து 30-க்குக் குறைப்பது. கிட்டப் போனவர்கள் கூட்டமாக மரத்துப்போவார்கள், எட்ட நின்றவர்கள் விரைவில் வெல்வார்கள். விடுபட மீண்டும் முயலும் வாய்ப்பை மட்டும் எடுத்துவிட மாட்டேன், ஏனென்றால் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது யாருக்கும் விளையாட்டாகாது.

சேவிங் த்ரோவைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மாற்றுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுவே. பழைய விதிகளில் விஷத்தையோ பார்வையால் கல்லாக்குவதையோ எதிர்க்கும் எண் முழுவதும் பாதிக்கப்படுபவரின் வகுப்பையும் நிலையையும் பொறுத்தது. விஷத்துக்கு எதிராக முதல் நிலைப் போர்வீரனுக்கு 14 விழ வேண்டும், ஒன்பதாம் நிலையில் 8 போதும், பதினேழாம் நிலையில் 3 போதும். அரக்கன் சின்னச் சிலந்தியா பெருநாகமா என்பது பெரும்பாலும் கணக்கிலேயே வராது. ஐந்தாம் பதிப்பில் இது அப்படியே புரண்டுவிட்டது: டி.சி. அரக்கனுக்கு உரியது, எதிர்ப்பவரின் கூட்டெண்ணோ அவர் பயிற்சி பெற்ற ஒருசில திறன்களில் மட்டுமே வளர்கிறது. உடலுறுதிக்குப் பயிற்சியில்லாத ஒரு மந்திரவாதி முதல் நிலையில் +2 என்றால், அந்தத் திறனை உயர்த்தாதவரை இருபதாம் நிலையிலும் அதே +2-தான். ஆகவே பழைய பதிப்பில் உயர்நிலைக் குழுக்களின் முன் வைக்கப்பட்ட, ‘தோற்றால் மரணம்’ என்ற வகை அரக்கர்களிடம் சாகும் வாய்ப்பு, அங்கே பதினேழாம் நிலைப் போர்வீரனுக்குப் பத்தில் ஒன்றாக இருந்தது, டி.சி. 18 என்று மாற்றப்பட்டவுடன் இங்கே மந்திரவாதிக்குப் பத்தில் ஏழரையாகிவிடும். இதை உணராமல் மாற்றிய ஒருவர் ஒரே மாலையில் பாதிக் குழுவை இழந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இதற்கு 2014-ன் ஐந்தாம் பதிப்பில் வந்த, பார்வையால் கல்லாக்கும் மெடுசாவே நல்ல வழிகாட்டி. டி.சி. 14, ஐந்தோ அதற்கு மேலோ குறைந்து தோற்றால் உடனே கல், சற்றே தோற்றால் உடல் இறுகத் தொடங்கும், அடுத்த சுற்றின் முடிவில் இன்னொரு வாய்ப்பு. அச்சம் அப்படியே இருக்கிறது, நண்பர்கள் ஏதாவது செய்ய ஒரு சுற்று அவகாசமும் கிடைக்கிறது. உடனடி மரணத்தைக் கொண்ட எந்தப் பழைய அரக்கனையும் இந்த இரண்டு படி அமைப்பில் வைத்து எழுதலாம்.

நிலை உறிஞ்சுவது இன்னொரு சிக்கல். வைட் என்னும் நடமாடும் பிணம் பழைய பதிப்பில் தொட்டால் சேவிங் த்ரோவே இல்லாமல் ஒரு நிலை போய்விடும். ஸ்பெக்டர், வேம்பயர் தொட்டால் இரண்டு. மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்தது ஒரு தொடுகையில் போகும் என்பதால், பாத்திரத்தைவிட அதை ஆடுபவரே நடுங்கினார். ஐந்தாம் பதிப்பில் வைட்டின் தொடுகை அதிகபட்ச ஹிட் பாயிண்டைக் குறைக்கிறது, அதுவும் டி.சி. 13-ல் தோற்றால் மட்டும், ஒரு நீண்ட ஓய்வில் எல்லாம் திரும்பிவிடுகிறது. இது மிகவும் குறைவு என்பது என் கருத்து. பழையபடி நிலையைப் பிடுங்குவதும் வேண்டாம், ஏனெனில் புதிய பதிப்பில் நிலையைக் குறைப்பது தாளில் இருபது இடங்களைத் திருத்தும் வேலை. குறைந்த ஹிட் பாயிண்ட் ஓர் ஓய்வில் முழுவதும் திரும்பாமல், ஓய்வுக்கு ஒரு ஹிட் டையின் அளவு மட்டுமே திரும்பும் என்று வைத்தால், நான்கைந்து நாட்களுக்கு அந்தக் காயம் குழுவின் எல்லா முடிவுகளிலும் நிழலாக விழும். கல்லறைகள் நிறைந்த பழைய சாகசங்களுக்கு அந்த நிழல் தேவை.

உலோகத்தைத் துருப்பிடிக்க வைக்கும் ரஸ்ட் மான்ஸ்டரும் இதே இனம். ஹாங்காங்கில் தயாரான மலிவு பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்துத்தான் கைகாக்ஸ் அதை உருவாக்கினார் என்பது இந்த விளையாட்டின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த செய்தி. பழைய பதிப்பில் அது தொட்டால் கவசம் உதிர்ந்துபோகும், மந்திரக் கவசங்களும் பெரும்பாலும் தப்பாது. புதியது மந்திரமற்ற உலோகத்தை மட்டும், ஒவ்வொரு படியாக அரிக்கிறது. இதில் நான் எதையும் மாற்றுவதில்லை. சண்டையில் ஒருமுறை −1 விழுந்ததுமே போர்வீரன் வாளை உறையில் போட்டுவிட்டு மரத்தாலான தடி ஒன்றைத் தேடத் தொடங்குகிறான், பழைய மேசையிலும் அதுதான் நடந்தது.

மந்திர எதிர்ப்பு பழைய புத்தகங்களில் சதவீதமாக இருக்கும். ஐந்தாம் பதிப்பு அதை, மந்திரங்களுக்கு எதிரான சேவிங் த்ரோவில் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பதாக மாற்றிவிட்டது. 50 சதவீதம்வரை இது போதும். அதற்கு மேல் உள்ளவற்றுக்குப் போதாது, ஏனெனில் சேவிங் த்ரோவே கேட்காத மேஜிக் மிசைல் போன்ற மந்திரங்களையும் பழைய சதவீதம் தடுத்தது. அத்தகைய அரக்கனுக்குத் தாழ்ந்த படிநிலை மந்திரங்கள் எவையும் பலிக்காது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

டிராகனில்தான் பழையதும் புதியதும் மிகத் தூரமாக விலகி நிற்கின்றன. 1977-ன் சிவப்பு டிராகனுக்கு ஹிட் டைஸ் 9 முதல் 11. வயதைப் பொறுத்து ஒவ்வொரு பகடைக்கும் 1 முதல் 8 வரை புள்ளிகள். எனவே மிக முதிர்ந்ததற்கும் உச்ச அளவு 88. அதன் நெருப்பு மூச்சின் சேதம் அதன் ஹிட் பாயிண்டுக்குச் சமம், அதாவது 88. ஐந்தாம் பதிப்பின் மிகப் பழைய சிவப்பு டிராகனுக்கு ஹிட் பாயிண்ட் 546, மூச்சின் சராசரி சேதம் 91. மூச்சு ஏறவே இல்லை, உடல் மட்டும் ஆறு மடங்காகிவிட்டது. பத்தாம் நிலை மந்திரவாதிக்கு இருபத்தைந்து புள்ளிகள் இருந்தாலே அதிகம் என்ற காலத்தில் 88 என்பது, சேவிங் த்ரோவில் வென்றாலும் மரணம். யார் முந்திக்கொள்கிறார்களோ அவர்களே பிழைக்கும் இரண்டு மூன்று சுற்றுச் சண்டை அது. தூங்கும் டிராகனைத் தேடிப் போவது அக்கால உத்தியாக இருந்ததற்குக் காரணம் இதுவே. பழைய சாகசத்தின் டிராகன் குகையை அதன் உணர்வோடு நடத்த விரும்பினால், புதிய வயதுவந்த டிராகனின் 256 ஹிட் பாயிண்டைப் பாதியாக்கி, மூச்சின் 18 பகடைகளை 26 ஆக்கி, அது தூங்கிக்கொண்டிருக்கும் வாய்ப்பையும் மறக்காமல் உருட்டுங்கள்.

அரக்கனைத் தனியாக மாற்றினால் வேலை முடியாது, அறையையும் மாற்ற வேண்டும். ஓர் அறையில் ஆறு ஓகர்கள் என்று பழைய சாகசம் சொன்னால், ஐந்தாம் நிலை மந்திரவாதியின் ஃபயர்பால் என்னும் நெருப்புப் பந்து மந்திரம் அன்று ஐந்து 6 முகப் பகடை, சராசரி பதினேழரை, ஓகருக்கு 19. ஒரே மந்திரத்தில் அறையே சாய்ந்துவிடும் நிலைக்கு வந்துவிடும். 2014-ன் ஐந்தாம் பதிப்பில் ஃபயர்பால் எட்டுப் பகடை, சராசரி 28, ஓகருக்கு 59. நான்கு பேர் கொண்ட ஐந்தாம் நிலைக் குழுவுக்கு 2014-ன் கணக்குப்படி ஆறு ஓகர்களின் அனுபவப் புள்ளி மதிப்பு 5400. 4400-ஐத் தாண்டினாலே உயிராபத்தான சண்டை என்று அதே புத்தகம் சொல்கிறது. எண்ணிக்கையைக் குறைப்பது ஒரு வழி. எனக்கு அதைவிடப் பிடித்த வழி, ஆறையும் வைத்துக்கொண்டு நான்கின் ஹிட் பாயிண்டைக் குறைப்பது. ஓகரின் ஹிட் பாயிண்ட் ஏழு 10 முகப் பகடைகளும் 21-ம் சேர்ந்தது. பகடைகள் எல்லாவற்றிலும் 1 விழுந்தால் 28, அதாவது ஒரு சராசரி ஃபயர்பாலின் அளவு. விதியை மீறாமலே பழைய அறை திரும்பக் கிடைத்துவிடுகிறது.

மூன்றாம் பதிப்பிலிருந்து மாற்றுபவர்களுக்குக் கவச எண் சிக்கல் இல்லை, ஆனால் நீண்ட மந்திரப் பட்டியல்களும் ஃபீட் எனப்படும் சிறப்புத் திறன்களும் தேவையற்ற சுமை; சண்டையில் உண்மையில் பயன்படும் இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2008-ன் நான்காம் பதிப்பில் எண்கள் நிலையோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போவதால் அவற்றை எடுக்கவே கூடாது. ஆனால் அரக்கர்களின் செயல்களை எழுதிய விதத்தில் அந்தப் பதிப்பை மிஞ்ச இன்றுவரை எதுவும் இல்லை என்பேன். பழைய அரக்கனுக்குப் புதிய தாக்குதல் ஒன்று வேண்டுமென்றால் முதலில் அங்கேதான் தேடுவேன்.

கடைசியாக, மாற்றத் தேவையே இல்லாத ஓர் எண். இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு அரக்கனுக்கும் 2 முதல் 20 வரை மொரேல் என்னும் மனவுறுதி எண் இருந்தது. தலைவன் விழுந்தாலோ பாதிப்பேர் சாய்ந்தாலோ இரண்டு 10 முகப் பகடைகளை உருட்டி, அந்த எண்ணைவிட அதிகம் விழுந்தால் மீதிப்பேர் ஓடிவிடுவார்கள். ஐந்தாம் பதிப்பின் அரக்கர் குறிப்புகளில் இது இல்லை, எனவே பலருடைய மேசைகளில் எல்லா அரக்கர்களும் கடைசி உயிர்வரை சண்டையிடுகிறார்கள். பழைய புத்தகத்திலிருந்து அந்த எண்ணை அப்படியே புதிய குறிப்பின் ஓரத்தில் எழுதிவையுங்கள். ஆறு ஓகர்களில் மூன்று விழுந்ததும் பகடையை உருட்டுங்கள். மீதி மூன்றும் ஓடினால், அவை எந்த வழியாக ஓடி யாரை எழுப்பும் என்று பழைய வரைபடத்தில் பாருங்கள்.